ஹைஸ்மன் வாங்கியவர் என்.எஃப்.எல்.லில் தேறுவாரா?

அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரியில் அடித்து நொறுக்கிய குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போனதும் சோடை போவது எப்படி? ஆட்டம் ஒன்றுதானே?

விதிகள் பெரும்பாலும் ஒன்றுதான். எதிரே நிற்பவர்கள்தான் வேறு. பெரிய கல்லூரி அணி, சீசனில் பல வாரங்கள் தன்னைவிட மெலிந்த அணிகளோடு ஆடுகிறது. பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் தன்னைத் துரத்துபவனை உதறிவிட்டுத் தனியாக நிற்பார். அதைக் கண்ணால் பார்த்த பிறகு எறிந்தால் போதும். என்.எஃப்.எல்.லில் பார்த்துவிட்டு எறிந்தால் பந்து எதிரணிக்காரன் கையில். ரிசீவர் திரும்புவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இந்தத் திறமை ஒருவரிடம் இருக்கிறதா என்று பல கல்லூரி ஆட்டங்கள் சோதிப்பதே இல்லை.

மைதானத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. பந்தை எதுவரை ஓரமாக வைக்கலாம் என்று காட்ட நடுவே உள்ள ஹேஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18½ அடி. கல்லூரியில் பந்து ஓரமாக வைக்கப்படும்போது மறுபக்கம் பரந்து கிடக்கும். கோச் அந்த வெற்றிடத்தை வைத்தே ஆட்டத்தை எளிதாக்கித் தருவார்.

ஹைஸ்மன் என்பது கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கு, நடந்து முடிந்த சீசனுக்கான பரிசு. யாரும் அதை ஜாதகமாக வாசிக்கக் கூடாது. அதை வாங்கிய குவாட்டர்பேக்குகளில் என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலைத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி வென்றவர்கள் ரோஜர் ஸ்டாபக், ஜிம் பிளங்கெட் இருவர்தான். ஜோ பரோவும் கேம் நியூட்டனும் இறுதிவரை வந்து தோற்றார்கள்.

ஃப்ளோரிடாவில் ஹைஸ்மன் வாங்கிய டிம் டீபோவுக்கு என்.எஃப்.எல்.லில் அநியாயம் நடந்தது என்கிறேன். நீங்கள்?

இல்லை என்கிறேன். சண்டைக்கு வராதீர்கள், உங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் டென்வர் அணி ஒரு வெற்றி, நான்கு தோல்வி என்று கிடந்தபோது இறங்கினார். அவர் தொடங்கிய 11 ஆட்டங்களில் 7 வெற்றி. பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய நாக் அவுட் சுற்று) பிட்ஸ்பர்க்கை எதிர்த்து, கூடுதல் நேரத்தின் முதல் பந்திலேயே டெமேரியஸ் தாமஸுக்கு 80 யார்டு டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி). அந்த இரவை மறுக்க யாராலும் முடியாது.

ஆனால் அந்த சீசனில் அவர் எறிந்த பாஸ்களில் 46.5 சதவீதமே சேர்ந்தன. பாதிகூட இல்லை. எறியும்போது இடது கை இடுப்புவரை இறங்கி ஏறும். அந்த நேரத்துக்குள் டிஃபென்ஸ் மூடிக்கொள்ளும். ஃப்ளோரிடாவில் அவர் தோளால் முட்டி எடுத்த யார்டுகளை இங்கே வாரம் தவறாமல் எடுக்க முடியாது. பிட்ஸ்பர்க்கை வென்ற அடுத்த வாரமே நியூ இங்கிலாந்து அணி 45–10 என்று அனுப்பி வைத்தது. 2012-இல் அனுபவசாலி குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் கிடைத்ததும் டென்வர் இவரை நியூயார்க் ஜெட்ஸுக்கு மாற்றியது. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உயரம் முக்கியமா?

முன்பு சொன்ன அளவுக்கு இல்லை. இந்த ஆட்டத்தில் ஆறடி என்பது குள்ளம்தான். ஆறடிக்காரரான குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸ் அந்த வாதத்தை முடித்து வைத்தார்.

துல்லியத்தைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா?

பஃபலோ குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் என்று சொல்லத்தான் இந்தக் கேள்வி, தெரியும். கல்லூரியில், வயோமிங்கில், அவர் பாஸ்களில் சேர்ந்தவை 56 சதவீதம், பஃபலோவில் முதல் சீசனில் 52.8, 2020-இல் 69.2. பிறகு 2024-இன் எம்.வி.பி. (லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்). நடந்தது உண்மை. ஆனால் அவரைக் காட்டியே இன்னும் பத்து ஆண்டுகளுக்குத் துல்லியமில்லாத பையன்களை, அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்துக் கைசுட்டுக்கொள்ளப் போகிறார்கள். விதிவிலக்கை நம்பிப் பணம் போடாதீர்கள்.

டிராஃப்டில் முதலாவதாகப் போவது அதிர்ஷ்டம்தானே?

பணத்துக்கு, ஆம். ஆட்டத்துக்கு, பல நேரம் தண்டனை. கடைசியில் முடித்த அணிக்குத்தான் முதல் தேர்வு. 2002-இல் குவாட்டர்பேக் டேவிட் கார் முதலாவதாகப் போனது அப்போதுதான் தொடங்கிய ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்கு. முன்னால் நின்று அவரைக் காக்க உருப்படியான லைன் (காவல் வரிசை) இல்லை. ஒரே சீசனில் அவரை 76 முறை சாய்த்தார்கள். அதன்பின் யாருக்கும் காலைத் தரையில் ஊன்றி எறிய மனம் வராது.

மறுபக்கம் பேட்ரிக் மஹோம்ஸ். 2017-இல் பத்தாவதாகப் போனார், கன்சாஸ் சிட்டி கோச் ஆண்டி ரீடிடம். மூத்த குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு 50 டச்டவுன், எம்.வி.பி. மஹோம்ஸின் கை எங்கும் மஹோம்ஸின் கைதான். ஆனாலும் 2017-இல் அவரை, தோற்றுக்கொண்டே இருந்த க்ளீவ்லாண்டுக்கு அனுப்பியிருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். பையன் எப்படி என்பது பாதிக் கேள்விதான். யார் எடுத்தார்கள், கோச் யார், லைன் எப்படி என்பதெல்லாம் மீதி. ஜெட்ஸில் வீணானவர் என்று ஒதுக்கப்பட்ட சாம் டார்னால்ட் 2024-இல் மின்னசோட்டாவுக்கு 14 வெற்றி வாங்கித் தந்தார்.

அறிவுத்திறன் பரீட்சையெல்லாம் உதவுமா?

12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்ட வொண்டர்லிக்கை லீக்கே 2022-இல் கைவிட்டது. 2023-இல் டிராஃப்டுக்கு முன் குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் வேறொரு பரீட்சையில் மோசம் என்று செய்தி கசிந்தது. அந்த சீசனில் 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) மட்டுமே.

அப்படியென்றால் சனிக்கிழமை கல்லூரி ஆட்டத்தில் எதைப் பார்ப்பது?

மூன்றாம் டவுன் (பத்து யார்டு முன்னேற உள்ள நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது), எட்டு யார்டு வேண்டும், ஆட்கள் மேலே பாய்கிறார்கள். முதலில் பார்த்த ரிசீவர் மூடப்பட்டுவிட்டார். அடுத்து கண் எங்கே போகிறது? கால் ஓட்டத்துக்குத் திரும்புகிறதா, நின்று இரண்டாவது ஆளைத் தேடுகிறதா? அறுபது யார்டு எறியும் காணொளிகளைத் தள்ளிவிட்டு இதை மட்டும் பாருங்கள்.

கல்லூரி குவாட்டர்பேக்காகப் பேசப்பட்ட ஆர்ச் மேனிங்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

என்.எஃப்.எல். குவாட்டர்பேக்குகளாக இருந்த பெய்டனும் ஈலையும் சித்தப்பாக்கள் என்பது யாருக்கும் ஒரு யார்டும் வாங்கித் தராது. 2025-இல் அவர் ஆடிய டெக்சஸ் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14–7 என்று தோற்ற முதல் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பெழுதியவர்களும் அவசரப்பட்டார்கள், ஏனென்றால் பெய்டனே தன் முதல் என்.எஃப்.எல். சீசனில் 28 இன்டர்செப்ஷன் எறிந்தவர். ஒரு வரிதான், நீண்டுவிட்டது.