நடைக்கு நாற்பது மதிப்பெண்ணா?

கேள்வி: இணையவழியில் இதழியல் வகுப்பு எடுக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் பற்றிச் செய்தி எழுதச் சொன்னேன். ஒரு மாணவரின் எழுத்து அருவியாகக் கொட்டுகிறது. யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. ஒரு மாணவி துறைமுகத்துக்கே போய் மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார், வாக்கியங்கள் தடுமாறுகின்றன. கல்லூரிப் படிவத்தில் நடைக்கு 40, அமைப்புக்கு 30, தகவலுக்கு 30. அதன்படி போட்டால் மாணவரே முந்துகிறார். இரண்டையும் இணைத்திருக்கிறேன்.
— ஓர் ஆசிரியை, மஞ்சக்குப்பம்

பதில்: படிவத்தை மாற்றச் சொல்லி எழுதுங்கள். தகவலுக்கு 60 போதும், மற்ற இரண்டும் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும். புதுச்சேரியில் துணையாசிரியராக இருந்தபோது, தடுமாறும் வாக்கியங்களை நிமிர்த்தத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நிருபர் கேட்காமல் விட்ட கேள்வியை மேசையில் உட்கார்ந்து யாராலும் சேர்க்க முடியாது.

மாணவர் தடைக்காலம் 45 நாள் என்கிறார். அது பழைய கணக்கு. 2017 முதல் 61 நாள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பழைய செய்தியைப் பார்த்து எழுதினாரோ, செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான். அதைவிட மோசம், 'கடலில் ஒரு படகும் இல்லை' என்ற முதல் வரி. தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். நாட்டுப்படகுக்காரர்கள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு காலை தேவனாம்பட்டினம் கரையில் நின்றிருந்தால் அந்த வரியை எழுதக் கை வந்திருக்காது.

மாணவியோ ஐஸ் உடைக்கும் தொழிலாளியிடம், இந்த இரண்டு மாதம் பிழைப்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். தடைக்காலச் செய்தி வருடந்தோறும் வருகிறது. ஐஸ் உடைப்பவரை யார் கேட்டார்கள்? அந்தப் பத்தியை என் பக்கத்தில் மேலே தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் நிவாரணப் பணம் வரவில்லை என்று ஒருவர் சொன்னதை மீன்வளத் துறையில் விசாரிக்காமல் அப்படியே எழுதிவிட்டார். அதற்குத் தாராளமாகக் குறையுங்கள். விசாரித்துத் திருத்தி எழுதினால் குறைத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள். ஒருவர் பெயரைத் தப்பாக எழுதினால் மட்டும் பேரமே வேண்டாம்.

மாணவர் எங்கோ, நீங்கள் எங்கோ. போனாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? யாரிடம், எங்கே, எப்போது பேசினார், நேரிலா தொலைபேசியிலா என்று தனித்தாளில் எழுதி வாங்குங்கள். பேசியவரின் சம்மதத்தோடு எண்ணையும் வாங்கி, ஒருவரையாவது நீங்களே கூப்பிடுங்கள். பிறகு வகுப்பில் மாணவரிடம், 'எழுதாமல் விட்டது என்ன?' என்று கேளுங்கள். போய் வந்தவரிடம் மிச்சம் நிறைய இருக்கும். போகாதவர் இணைப்பு சரியில்லை என்பார்.

கேள்வி: ஒரு போக்சோ வழக்குச் செய்தியில் சிறுமியின் பெயரை நான் எழுதவில்லை. பள்ளியின் பெயரை மட்டும் எழுதினேன். பூஜ்யம் போட்டுவிட்டார்கள். நியாயமா?
— ஒரு மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: நியாயம். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவைப் படியுங்கள். பெயர், முகவரி, படம், குடும்ப விவரம் மட்டுமல்லாமல் பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக்கூடாது. சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தால்தான் விலக்கு. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். பள்ளி தெரிந்தால் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஊருக்கு எவ்வளவு நேரமாகும்?

கேள்வி: வகுப்புச் செய்திக்காகத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போகிறேன் என்கிறாள் மகள். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றுதானே சேர்த்தேன்?
— ஒரு தந்தை, பண்ருட்டி

பதில்: பாடத்தை வீட்டிலிருந்து படிக்கலாம். செய்தி மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவோடு வரிசையில் நிற்கிறது. அங்கே நிற்பவர்களில் இரண்டு பேரிடம் பொறுமையாகப் பேசினாலே அவளுக்கு ஒரு மாதத்துக்கான செய்தி கிடைத்துவிடும். கடலூருக்குப் பஸ் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து அனுப்புங்கள். வரிசை நீளமாக இருக்கும், சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுங்கள்.