பட்டறை பதில்கள்: மலை ஏறாத ஸ்விஃப்ட்

கேள்வி: என்னுடையது 2011 மாடல் ஸ்விஃப்ட் டீசல். 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக ஊட்டி சாலையில் கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கினாலே வண்டி திணறுகிறது. இரண்டாவது கியரை விட முடியவில்லை. பின்னால் கறுப்புப் புகை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். மேட்டுப்பாளையத்துக்குள் ஓட்டும்போது பெரிதாகத் தெரியவில்லை. மெக்கானிக், “டர்போ போயிருச்சு சார், மாத்திடலாம்” என்கிறார். மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது: கறுப்புப் புகை, ‘உஸ்’ சத்தம். ஆயில் குறைவதாக நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் ஒரு சென்சார், உள்ளே போகும் காற்றை அளக்கிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் கம்ப்யூட்டர் டீசலை விடுகிறது. அளந்த காற்று டர்போவில் (வெளியேறும் புகையின் விசையில் சுழன்று காற்றை அமுக்கித் தள்ளும் விசிறி) அழுத்தம் ஏறி, சூட்டை ஆற்றும் இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குப் போகும் வழியில் எங்காவது கசிந்தால் என்ன ஆகும்? டீசல் கணக்குப்படி வந்துவிடும், காற்று வராது. சரியாக எரியாத டீசல்தான் கறுப்புப் புகை. டர்போ சீல் போயிருந்தால் புகை நீலமாக வரும், டிப்ஸ்டிக்கில் ஆயில் இறங்கிக்கொண்டே போகும். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் இழுவை இருக்காது, கறுப்புப் புகையும் இருக்காது. அதனால் என் சந்தேகம் முதலில் அந்தக் காற்று போகும் ரப்பர் ஹோஸ் மேல்தான்.

வண்டி நன்றாக ஆறியபின் டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்டர்கூலரின் இரண்டு பக்க ஹோஸ்களையும் கையால் தடவிப் பாருங்கள். மேல் பக்கம் பளபளப்பாகவே இருக்கும், அதை நம்ப வேண்டாம். கிளாம்ப் உட்காரும் விளிம்பிலும் வளைவின் அடிப்பக்கத்திலும்தான் கிழியும். அழுத்தக் காற்றோடு கொஞ்சம் ஆயில் ஆவியும் போவதால், ஓட்டை இருக்கும் இடத்தில் ஆயில் கசிந்து தூசி ஒட்டி, கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். ஹோஸின் உள்ளே லேசான ஆயில் படலம் இருந்தால் பயப்படாதீர்கள், அது எல்லா டீசல் வண்டியிலும் உண்டு. அதைக் காட்டியே டர்போ விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணுக்குச் சிக்கவில்லையா? டர்போவுக்குக் காற்று போகும் வாயில் பிவிசி மூடி ஒன்றில் டியூப் வால்வு பொருத்தி இறுக்கி, டயர் கம்ப்ரஸரால் காற்று ஏற்றச் சொல்லுங்கள். 10 பாயின்ட்டுக்கு மேல் வேண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் ஓட்டை நுரை கக்கிக் காட்டிக்கொடுக்கும்.

ஹோஸ் கிழிந்திருந்தால் எம்-சீல், டேப் எல்லாம் வேலைக்கு ஆகாது. நடுவழியில் வீடு வந்து சேர டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டலாம், அவ்வளவுதான். புது ஹோஸ் போடும்போது குழாயின் முனையை ஆயில் இல்லாமல் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். பிசுக்கோடு மாட்டினால் அடுத்த ஏற்றத்திலேயே ‘படார்’ என்று கழன்றுவிடும். கிளாம்ப்பை வெறித்தனமாக முறுக்கினால் புது ரப்பரையும் அது வெட்டும்.

ஹோஸ் நன்றாக இருந்தால் அடுத்தது, கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர். பி0299 என்ற குறியீடு இருந்தால் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தம், குறைவு என்று பொருள். அது நோயின் பெயர்தான், காரணம் அல்ல. குறியீட்டைப் பார்த்ததும் டர்போவுக்கு ஆர்டர் போட விடாதீர்கள். சாவியை ஆன் செய்து, என்ஜினை ஓட்டாமல், உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் அளவைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் அது 97, 98 கிலோபாஸ்கல் அருகே இருக்க வேண்டும், ஊட்டியில் 77 போல. அதுவே பொருந்தாவிட்டால் சென்சாரே பொய் சொல்கிறது. சரியாக இருந்தால், மூன்றாவது கியரில் ஏற்றத்தில் முழுதாக மிதித்துப் பார்க்கும்போது கிட்டத்தட்ட இரட்டிப்பாக வேண்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது 1248 சிசி, 75 குதிரைத்திறன் என்ஜின். அதன் டர்போ வேஸ்ட்கேட் வகை: மிஞ்சிய புகையை டர்போவுக்குள் விடாமல் திருப்பிவிட ஒரு கதவு, அந்தக் கதவை ராடால் திறக்க ஆக்சுவேட்டர் என்ற டப்பா. கதவு கரி பிடித்துத் திறந்தே நிற்கிறதா என்று கைப்பம்பால் காற்றுக் கொடுத்துப் பார்க்கலாம். ராடு நகர்ந்து, அப்படியே நிற்க வேண்டும். “ராடைக் கொஞ்சம் டைட் பண்ணினா பிக்கப் வரும்” என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இதே புகைதான், அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கடைசியாகத்தான் டர்போ. ஹோஸைக் கழற்றி டர்போவின் நடுத் தண்டை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். உள்ளே வெளியே ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய கோடு தெரிந்தாலோ உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் டர்போவை மட்டும் மாற்றாமல் ஆயில் போகும் சின்னக் குழாயையும் மாற்றுங்கள், இன்டர்கூலருக்குள் தேங்கிய ஆயிலையும் வடித்துவிடுங்கள். அதை அப்படியே விட்டால் என்ஜின் அந்த ஆயிலையே குடித்துச் சாவியை எடுத்தபின்பும் அலறிக்கொண்டு ஓடும் ஆபத்து உண்டு.

கேள்வி: 2012 ஸ்கார்பியோ எம்ஹாக். பைபாஸில் லாரியை முந்தும்போது திடீரென்று சக்தி செத்துவிடுகிறது. ஓரமாக நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் மறுபடி நன்றாக ஓடுகிறது. ஹோஸ் மாற்றியும் தீரவில்லை.
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: ஹோஸ் மாற்றியும் தீரவில்லை, அணைத்துப் போட்டதும் சரியாகிறது என்றால் இது ஹோஸ் கசிவாக இருக்க வாய்ப்புக் குறைவு. கம்ப்யூட்டர் பயந்து சக்தியைக் குறைக்கிறது. உங்களுடையது விஜிடி டர்போ, உள்ளே திரும்பும் சின்னத் தகடுகள் உண்டு. டவுனுக்குள்ளேயே குறைந்த ஆர்பிஎம்மில் ஓட்டினால் கரி சேர்ந்து அவை ஒட்டிக்கொள்ளும். பூஸ்ட் அளவுக்கு மீறி ஏறும், உடனே பாதுகாப்பு முறைக்குப் போய்விடும். அதற்கான பி0234 குறியீடு ஸ்கேனரில் வருகிறதா பாருங்கள். முதலில் மெல்லிய வேக்யூம் ரப்பர் குழாய்களைச் சோதியுங்கள், விலை அற்பம். அப்புறம் தகடுகளைத் திருப்பும் ராடு தடையில்லாமல் முழு தூரமும் போகிறதா என்று. ஒட்டியிருந்தால் கழற்றித் தகடுகளைச் சுத்தம் செய்வதோடு முடிந்துவிடும்.

கேள்வி: டர்போ வண்டியை நிறுத்தும் முன் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டுமாமே?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: ஐந்து நிமிடம் டீசல் வீண். மலை ஏறியோ பைபாஸில் விரட்டியோ வந்தவுடன் நிறுத்துவதாக இருந்தால் ஒரு நிமிடம் போதும். சந்தைக்குப் போய்த் திரும்பினீர்கள் என்றால் வாசலில் வந்ததும் அணைத்துவிடுங்கள்.