தொழிலுக்குப் பயன்படுத்தினால் டிரில்லுக்கு வாரண்டி கிடையாதா?

கேள்வி: சேலத்தில் மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் வேலை செய்யும் கார்பெண்டர் நான். உதவிக்கு ஒரு பையன் வருவான். எட்டு மாதம் முன்பு கோவையில் ஒரு கடையில் 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் ஒன்றை இரண்டு பேட்டரியோடு 9,400 ரூபாய்க்கு வாங்கினேன். "உங்க வேலைக்கு இது நல்லா தாங்கும்" என்று எடுத்துக் கொடுத்ததே கடைக்காரர்தான். இப்போது பிட்டைப் பிடிக்கும் சக் ஆடுகிறது, கொஞ்சம் அழுத்தினால் கியர் வழுக்குகிறது, ஒரு பேட்டரியில் சார்ஜே ஏறவில்லை. ஒரு வருட வாரண்டி என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால், "இது வீட்டு உபயோக மாடல், நீங்கள் தொழிலுக்கு ஓட்டியிருக்கிறீர்கள், 4,800 கட்டுங்கள்" என்கிறார்கள். கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுகிறார். தொழில் செய்கிறவன் நுகர்வோர் கோர்ட்டுக்கே போக முடியாது என்கிறார் நண்பர். உண்மையா? அடுத்த மெஷினை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நண்பர் சொன்னது பாதி சரி, உங்கள் விஷயத்தில் பொருந்தாத பாதி. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் இல்லை என்றுதான் சொல்கிறது. ஆனால் அதன் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. இதை உச்ச நீதிமன்றம் 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் விரிவாகப் பேசியது. எதிர்த்தரப்பு நம்ம கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், தகராறு கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் ஒரு சி.என்.சி. மெஷினைப் பற்றியது. அந்த வழக்கில் மெஷினை வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்றுதான் தீர்ப்பு வந்தது, ஆனால் போகிற போக்கில் கோர்ட் சொன்ன உதாரணங்கள் உங்களுக்கு அப்படியே பொருந்தும்: தானே ஓட்டிப் பிழைக்க லேத் வாங்கியவர் நுகர்வோர், தானே ஓட்ட ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர், கூட ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான். ஆகவே உங்கள் பையன் ஒரு தடையே இல்லை. பத்து ஆளுக்குப் பத்து டிரில் வாங்கிக் கொடுத்து வேலை வாங்கும் காண்ட்ராக்டர் என்றால் கதை வேறு.

சரி, நுகர்வோர் என்று ஆகிவிட்டதாலேயே ஜெயித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். வழக்குப் போடும் தகுதி ஒன்று, வாரண்டி என்ன சொல்கிறது என்பது இன்னொன்று. வாரண்டி கார்டை எடுத்துப் பொடி எழுத்து வரை படியுங்கள். தொழில்முறைப் பயன்பாட்டுக்கு வாரண்டி இல்லை என்று அதில் எழுதியிருக்கிறதா, அல்லது சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருந்தவர் வாய்க்கு வந்ததைச் சொன்னாரா? கார்டில் இல்லையென்றால் அவர்கள் வாதம் அங்கேயே விழுந்துவிடும். இருந்தால், சீல் வைத்த டப்பாவுக்குள் கிடந்த நிபந்தனையை வாங்கும் முன் யாரும் உங்களுக்குக் காட்டவில்லை என்பதை முன்வைக்க வேண்டும், அதோடு கடைக்காரரையும் உள்ளே இழுக்க வேண்டும்.

அவரை இழுப்பது எப்படி? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. என்ன வேலைக்கு வாங்குகிறேன் என்று வாங்குபவர் சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி, அவர் வழக்கமாக விற்கும் பொருளை வாங்கினால், அந்த வேலைக்கு அது ஓரளவு பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது எழுதாத நிபந்தனை. அதே பிரிவில் ஒரு ஓட்டையும் உண்டு: நீங்களே இன்ன கம்பெனி, இன்ன மாடல் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் இந்த நிபந்தனை பொதுவாக உதவாது. அதனால்தான் "கடைக்காரர்தான் எடுத்துக் கொடுத்தார்" என்ற உங்கள் ஒரு வரியை இந்தக் கடிதத்திலேயே முக்கியமானதாக நினைக்கிறேன். அதற்குச் சாட்சி உண்டா? வாட்ஸ்அப்பில் விலை கேட்ட உரையாடல், கூட வந்த ஆள், பில்லில் கடைக்காரர் எழுதிய குறிப்பு, எதுவாக இருந்தாலும் இப்போதே பத்திரப்படுத்துங்கள், போனை மாற்றினால் அந்த உரையாடல் போய்விடும்.

அடுத்து செய்ய வேண்டியது: மெஷினைத் திரும்ப சர்வீஸ் சென்டரில் கொடுத்து ஜாப் ஷீட் வாங்குங்கள். என்ன பழுது, ஏன் வாரண்டி மறுக்கிறோம் என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே நின்று கம்பெனிக்கு இமெயில் போட்டுவிடுங்கள், "இன்று இந்தக் காரணம் சொல்லி மறுத்தார்கள்" என்று. கொடுக்கும் முன் சீரியல் நம்பர் ஸ்டிக்கர், ஆடும் சக், இரண்டு பேட்டரியின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், கியர் வழுக்குவதை ஒரு சின்ன வீடியோவும். தயவுசெய்து தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டி ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம், கழற்றிய தடம் தெரிந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம். பேட்டரிக்கும் சக்குக்கும் பல கம்பெனிகள் தனியாகக் குறைந்த காலம் வைக்கும், தேய்மானப் பொருள் என்றும் ஒதுக்கும், ஆகவே உங்கள் புகாரில் கியர் பழுதையே முன்னால் நிறுத்துங்கள்.

அப்புறம் கடை, கம்பெனி இரண்டுக்கும் 15 நாள் கெடு கொடுத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். நீங்களே வெள்ளைத்தாளில் எழுதலாம். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள், இந்த மாதிரி சின்னத் தொகை பல நேரம் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரில் போடலாம், 2019 சட்டம் தந்த பெரிய வசதி அது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காலக்கெடு 2 வருடம்.

புகாரில் பொருள் குறைபாடு, சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று எழுதுங்கள். வாரண்டி நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம், அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்காதீர்கள், அந்த அதிகாரம் மாநில ஆணையத்திலிருந்துதான் தொடங்குகிறது. பழுதை நிரூபிக்கப் பரிசோதனை தேவை என்று ஆணையம் நினைத்தால் லேபுக்கு அனுப்பும், அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். சட்டப்படி 3 மாதம், பரிசோதனை இருந்தால் 5 மாதத்தில் முடிய வேண்டும். நடைமுறையில் அதை நம்பி நாள் எண்ண வேண்டாம். நஷ்டஈடாக லட்சக்கணக்கில் கேட்பதும் வீண். பணம் திரும்ப அல்லது வேறு மெஷின், வேலை நின்ற நாட்களுக்கு ஆதாரத்தோடு ஒரு தொகை, செலவு, இவ்வளவு போதும்.

இனி அடுத்த மெஷின். வக்கீலிடம் டிரில் பற்றிக் கேட்கிறீர்களே என்று சிரிப்பு வந்தாலும், இதே தகராறை வேறு வேறு மெஷினில் பார்த்துக்கொண்டே இருப்பதால் சொல்கிறேன். முதலில் மாடல் எந்த வகை என்று பாருங்கள். போஷ் கம்பெனியில் நீலம் தொழிலுக்கு, பச்சை வீட்டுக்கு, நிறத்திலேயே தெரியும். மற்றவற்றில் வாரண்டி வாசகத்தைக் கேட்டுப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். 18 வோல்ட்டும் '20 வோல்ட் மேக்ஸ்' என்பதும் ஒன்றுதான், உள்ளே அதே ஐந்து செல், முழு சார்ஜில் அளந்தால் சுமார் 20. ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு '48 வோல்ட்' என்று வருபவற்றைத் தவிர்த்துவிடுங்கள், கையடக்கமான அந்த பேட்டரிக்குள் அத்தனை செல்லுக்கு இடமே கிடையாது. தினமும் பிளைவுட்டில் ஸ்க்ரூ அடிப்பவருக்கு பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார், 13 எம்.எம். சக் நல்லது. கான்கிரீட் துளைக்க இதை வருத்தாமல் ரோட்டரி ஹேமர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி என்றால் டப்பாவில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள், முகவரி இல்லாத கம்பெனிக்கு நோட்டீஸ் எங்கே அனுப்புவது? சேலத்தில் சர்வீஸ் சென்டர் உண்டா, பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள்.

பில்லை உங்கள் சொந்தப் பெயரில், மாடலும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். உங்கள் தொழிலின் பெயரில் ஜி.எஸ்.டி. பில் போட்டால் வணிக நோக்கம் என்று அதையே தூக்கிக் காட்டுவார்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்துவிட்டதாலேயே பழுதான பொருளை மறுக்கும் உரிமை கடைக்கு வந்துவிடாது, பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. அதனால் புது மெஷினை முதல் மாதமே நன்றாக வேலை வாங்கிப் பாருங்கள். வாங்கும் முன் கடைக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப்: "தினமும் கார்பெண்டர் வேலைக்கு வேண்டும், எந்த மாடல் தாங்கும்?" அவர் அனுப்பும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.