இனி எந்தக் கதவைத் தட்டுவது?

அன்புள்ள அண்ணா,

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து உங்களை வாசிக்கிறேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், இப்போது ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு, நவம்பரில் பொதுத் தேர்தலுக்கு, பிறகு 2025 மே மாதம் மாநகர சபைக்கு என்று மூன்று தடவையும் டெலிபோன் சின்னத்துக்காக, அதாவது சஜித் பிரேமதாசவின் ஐக்கிய மக்கள் சக்திக்காக, வீடு வீடாகப் போய்த் துண்டுப்பிரசுரம் கொடுத்தேன். முடிவு உங்களுக்கே தெரியும். அம்மா "இனியாவது உன்ர வேலையைப் பார்" என்கிறா. எதிர்வீட்டு அக்கா திசைகாட்டிக்கு, அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக்கு, போட்டவர். சின்ன வயதிலிருந்து பழக்கம், ஆனால் இப்போது கண்டால் சிரிப்பதோடு சரி. இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மின்கட்டணம் கூடுகிறது என்று செய்தி வந்தால் எனக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது, அந்த பில்லை நானும்தான் கட்டுகிறேன் என்பது பிறகுதான் ஞாபகம் வருகிறது. அரசியலை விட்டுவிடலாமா? விடாவிட்டால், அடுத்த தேர்தல் வரைக்கும் என்ன செய்வது?

ம., கொழும்பு 13

அன்புள்ள ம.,

அம்மா சொல்வதில் பாதியைக் கேளுங்கள். கொஞ்ச நாள் செய்தி பார்க்காமல் இருங்கள், நன்றாகத் தூங்குங்கள், முகப்புத்தகத்தில் யாரோ தெரியாத ஆளோடு இரவு ஒரு மணிக்குச் சண்டை பிடிப்பதை நிறுத்துங்கள் (பிடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் மூன்று தேர்தல் வேலை செய்தவர் பிடிக்காமல் இருந்திருக்க மாட்டார்). மற்றப் பாதியைக் கேட்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

செப்டெம்பர் 21ஆம் திகதி சஜித் பிரேமதாசவுக்கு விழுந்தது 43 இலட்சத்துக்கும் மேல். ஐம்பத்துநாலே நாள் கழித்து நவம்பர் 14இல் அதே டெலிபோனுக்கு விழுந்தது 20 இலட்சம்கூட இல்லை. சரி, அவ்வளவு பேரும் திசைகாட்டிக்கா தாவினார்கள்? திசைகாட்டிக்குக் கூடியது ஏறக்குறைய 12 இலட்சம். அதிலும் செப்டெம்பரில் ரணிலுக்குப் போட்டவர்கள் கலந்திருப்பார்கள். வடக்கு கிழக்கில் சஜித்துக்குப் போட்ட பலர் நவம்பரில் தங்கள் தங்கள் கட்சிகளுக்குத் திரும்பிப் போயிருப்பார்கள், ஆகவே கணக்கு நேர்கோடாக வராதுதான். ஆனாலும் வாக்களிப்பு வீதம் 79இலிருந்து 69க்கு இறங்கியதைப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர், முந்தின தடவை வரிசையில் நின்றவர், இந்தத் தடவை வீட்டிலேயே இருந்துவிட்டார். செப்டெம்பரில் முதல் சுற்று எண்ணிக்கையில் 42 வீதம் எடுத்தவர்கள் 225 ஆசனத்தில் 159ஐ எடுத்து மூன்றில் இரண்டைத் தாண்டியதற்கு அவர்களுடைய உழைப்பு ஒரு காரணம் என்றால், நம்முடைய ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தது இன்னொரு காரணம். செப்டெம்பரில் தோற்கடித்தது அவர்கள். நவம்பரில் அந்த வேலையில் கொஞ்சத்தை நாமே செய்து கொடுத்தோம் என்பதுதான் என் எண்ணம்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் திசைகாட்டியின் 68 இலட்சம் 45 இலட்சமாக இறங்கியது. கொழும்பு மாநகர சபையில் 117 பேரில் அவர்களுக்கு 48 பேர்தான். மேயரைத் தெரிவுசெய்யும் இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று வென்றார்கள் என்றால், வேறு கட்சிகளிலும் குழுக்களிலும் இருந்து 13 பேராவது கை கொடுத்திருக்க வேண்டும். அந்த 13 பேர் யார் என்று டவுன் ஹோல் பக்கம் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. மூன்றிலும் தோற்றோம் என்ற நினைப்பில்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதில் என்ன நடந்தது என்று இன்னொரு தடவை பாருங்கள். உங்கள் சபையில் வென்ற கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. அவர்கள் ஒவ்வொரு தீர்மானத்துக்கும், ஒவ்வொரு வருடக் கடைசியில் வரவுசெலவுத் திட்டத்துக்கும் யாரிடமாவது போய்க் கதைத்தாக வேண்டும். அப்படியான சபையில் ஒரு வட்டாரத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து வந்து கேட்டால், காதில் விழாத மாதிரி இருப்பது லேசில்லை.

இப்போது வென்றிருப்பவர்கள் 2019 ஜனாதிபதித் தேர்தலில் எடுத்தது 3 வீதம். 2020இல் மூன்றே ஆசனம். அப்போது நானும் நண்பர்களும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம், பிளேன்டீ குடித்துக்கொண்டு. அதற்கு முந்தைய பாராளுமன்றத்தில் அவர்கள் ஆறே பேர், ஆனால் அந்த ஆறில் ஒருவர், அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கிற பாராளுமன்றக் குழுவான கோப் குழுவின் தலைவர், மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தில் 2016இல் வந்த அறிக்கை அந்தக் குழுவுடையது. அவர்களுடைய கடந்த காலம் எனக்கு மறக்கவில்லை, தமிழர் விஷயத்தில் அவர்கள் நின்ற இடங்களும் மறக்கவில்லை. ஆனால் தோற்ற பிறகு எப்படி உட்கார்ந்து வேலை செய்வது என்று யாரிடமாவது படிக்க வேண்டுமென்றால், இந்த நாட்டில் அவர்களிடம்தான் படிக்க வேண்டியிருக்கிறது, எனக்கு அது கசக்கிறது என்றாலும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் தோற்றதைவிட வென்றபோதுதான் அதிகம் கெட்டேன். 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதித் தேர்தலில் வென்ற முடிவு வந்த காலை, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா தந்த பாற்சோற்றைத் தின்றுவிட்டு, இனி எல்லாம் சரி என்று இருந்துவிட்டேன். நல்லதும் நடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் அந்த ஆட்சியில்தான் வந்தது. ஆனால் அதே ஆட்சியில் 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றினார்கள். புது முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை, சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்துப் போட்டார். பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை. சபைகளின் காலம் ஒவ்வொன்றாக முடிந்து, 2019க்குள் ஒன்பது மாகாணமும் ஆளுநர்களிடம் போய்விட்டது. பிறகு தேர்தலே நடக்கவில்லை. மாகாண சபைக்காக இந்தத் தமிழ்ச் சனம் என்ன விலை கொடுத்தது என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். அது கையை விட்டுப் போனது நாம் வாக்குப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சியில், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது. இல்லை, பார்க்காமல் இருக்கும்போது. அன்றைக்கு நான் பேப்பரில் அந்தச் செய்தியை முழுதாக வாசிக்கக்கூட இல்லை. நம்மவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கிரிக்கெட் பக்கத்துக்குத் திருப்பியிருப்பேன்.

ஆகவே "எங்கள் பக்கம்" என்ற சொல்லைக் கொஞ்சம் தளர்த்திப் பிடியுங்கள். தேர்தல் வேலைக்கு அது வேண்டும். மற்ற நாட்களில் அது தூக்க மருந்து, வென்றாலும் தோற்றாலும்.

இப்போது நீங்கள் வெட்கப்பட்டு எழுதிய விஷயம். அந்தச் சந்தோஷம் எனக்கும் வரும். வராது என்று சொல்கிற ஆள் பொய் சொல்கிறார். தோற்றவனுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சொத்து "நான் அப்போதே சொன்னேனே" என்பது, அதை மெய்ப்பிக்க நாட்டுக்குக் கெட்டது நடந்தாக வேண்டியிருக்கிறது. அங்கேதான் சிக்கல். டித்வா புயல் வந்த 2025 நவம்பரில் களனி கங்கை பெருகி, மலையகத்தில் மண்சரிந்து, நூற்றுக்கணக்கில் சனம் செத்துக்கொண்டிருந்த நாட்களில், நம்முடைய வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் "இனி இவர்கள் கதை முடிந்தது" என்று சிரிப்புப் பொம்மையோடு போட்டார். நான் பதில் எழுதவில்லை. எழுதாதது நாகரிகத்தால் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், உண்மையில் ஒரு கணம் எனக்கும் அதே எண்ணம் ஓடியிருந்தது, அதனால்தான் வாய் வரவில்லை.

அதே நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் ஒழுங்காக வரவில்லை என்ற குறையும் பரவலாக எழுந்தது. அது கேட்க வேண்டிய கேள்வி. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது, இத்தனை வருடம் கழித்து வெள்ளம் வருகிறதென்ற செய்திக்குக்கூடத் தமிழ் பிந்தித்தான் வருமா? அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் ஆட்சி விழ வேண்டும் என்று ஆசைப்படத் தேவையில்லை. அடுத்த தடவை தமிழில் நேரத்துக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் போதும். பிழை நடந்தால் உங்களுக்குள் சந்தோஷம் வருகிறதா, வரட்டும், பிறகு அந்தப் பிழை திருத்தப்பட்டால் ஏமாற்றம் வருகிறதா என்று பாருங்கள். ஏமாற்றம் வந்தால் அன்றைக்குக் கொஞ்சம் கவலைப்படுங்கள்.

இனி, என்ன செய்வது. பெரிதாக ஒன்றும் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு கான். ஒரு மணித்தியாலம் மழை அடித்தால் தண்ணீர் வாசல்படி ஏறும். "இந்த வருடம் கட்டாயம் செய்வோம்" என்று வருடா வருடம் சொன்னார்கள். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. நான் 2019இல் தோற்ற எரிச்சலில், அந்த ஆட்களிடம் போய் நிற்பதா என்று இரண்டு மழைக்காலம் வீம்பில் இருந்தேன், நனைந்தது என் வீட்டுச் சாமான்கள்தான். கடைசியில் தகவல் அறியும் சட்டத்தில் ஒரு கடிதம், தமிழில், அரைப் பக்கம்: இந்த வேலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினீர்கள், எந்த வருடம்? பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொல்லவில்லை. மேன்முறையீடு போட்டேன். பிறகு வந்தது, சிங்களத்தில். தமிழில் தாருங்கள் என்று இன்னொரு கடிதம். ஏறக்குறைய நாலு மாதம் கழித்து வந்த பதில் ஒரு வரி: அந்த வேலைக்கு எந்த வருடமும் பணம் ஒதுக்கப்படவில்லை.

அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் எந்தத் தேர்தல் இரவிலும் வந்ததில்லை. ஆனால் அதுதான் உதவியது. அதைப் பிரதி எடுத்து ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தேன். யார் எதற்குப் போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோர் வீட்டுக்குள்ளும் ஒரே தண்ணீர்தானே வருகிறது. பதினொரு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். கான் இன்னும் முழுதாக முடியவில்லை, பாதி மட்டும் கட்டி மூடி போட்டிருக்கிறார்கள், மற்றப் பாதிக்கு நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு வேலை. வென்றவர்களின் தேர்தல் விஞ்ஞாபனத்தை எடுத்து வாசியுங்கள், அவர்களுக்குப் போட்டவர்களைவிடக் கவனமாக. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று அதில் இருக்கிறது. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது, நீக்குவோம் என்று சொன்ன எத்தனையோ பேரை அது பார்த்துவிட்டது. மாகாண சபைத் தேர்தலும் அதில் இருக்கிறது. நீங்கள் தோற்றவர், அதனால் உங்களுக்கு ஒரு வசதி, ஞாபகப்படுத்தும்போது யாருடைய மனமும் நோகுமே என்று தயங்க வேண்டியதில்லை. வென்ற பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தயக்கம் வரும், 2015இல் எனக்கு வந்ததுபோல.

வாக்காளர் இடாப்பு வருடா வருடம் திருத்தப்படுகிறது. உங்கள் பக்கத்துத் தொடர்மாடிகளிலும் நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளிலும் வாடகைக்கு இருக்கிற சனத்தில் எத்தனை பேருடைய பெயர் கொழும்பில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் விட மாட்டார், ஊரில் பதிவு இருக்கிறது, கிராம உத்தியோகத்தரைப் பிடிக்க முடியவில்லை என்று ஆயிரம் காரணம் வரும். மூன்று தேர்தலுக்குத் தட்டிய அதே கதவுகள்தான், கையில் துண்டுப்பிரசுரம் இல்லாமல் போனால் ஆட்கள் வேறு மாதிரிக் கதைப்பார்கள்.

எதிர்வீட்டு அக்காவைப் பற்றி. அவரிடம் அரசியல் கதைக்க வேண்டாம், இப்போதைக்கு. ஆனால் ஒன்று கவனியுங்கள், உங்கள் வட்டாரத்தில் வென்றது திசைகாட்டி என்றால் அந்த உறுப்பினரின் தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருக்காது, அவரிடம் இருக்கும். உங்கள் ஒழுங்கையிலும் ஏதாவது ஒரு கான் அடைத்திருக்கும், கொட்டாஞ்சேனையில் இல்லாமல் இருக்காது. போய் இலக்கத்தைக் கேளுங்கள். மே மாதம் மழை தொடங்கிவிடும், அதற்குள் கேட்டால் நல்லது.