வில்லோ பச்சையாகிறதே, ஏன்?

கேள்வி: வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த இலைக்காகவே குடை வடிவ ‘ஹக்குரோ நிஷிக்கி’ என்ற வில்லோ (willow) வகைச் செடியை வாங்கி வைத்தேன். மூன்றாம் வருடம் பாதிச் செடி வெறும் பச்சை. உரம் போதவில்லையா? (வாசகி, டொராண்டோ)

பதில்: உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடை வடிவில் விற்கும் இந்தச் செடி ஒட்டுச்செடி. நேராக நிற்கும் தண்டு வேறொரு வில்லோ, அதுதான் அடிமரம். அதன் உச்சியில்தான் ஹக்குரோ நிஷிக்கியை ஒட்டுக் கட்டியிருப்பார்கள். தண்டைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பாருங்கள், ஒட்டுக் கட்டிய இடத்தில் ஒரு முண்டு தட்டுப்படும். அதற்குக் கீழே தண்டிலோ வேரடியிலோ கிளம்புவது எல்லாம் அடிமரத்தின் துளிர், பச்சையாகத்தான் இருக்கும். வேகமாக வளரும், விட்டுவைத்தால் மேலே உள்ள குடையைப் பட்டினி போட்டுவிடும். விரல் நீளம் இருக்கும்போதே கையால் கீழ்நோக்கி இழுத்துக் கிழித்தெடுங்கள். கத்தரியால் நறுக்கினால் அடிக்கண் தங்கிவிடும். ஒன்று இருந்த இடத்தில் மூன்று முளைக்கும்.

முண்டுக்கு மேலேயும் பச்சையா? முழுப் பச்சையாக மாறிய கிளை இருந்தால் அது தொடங்கும் இடத்திலேயே வெட்டி எடுங்கள். மற்றபடி, நிறம் புதுத் துளிரில்தான் வரும். முற்றிய இலை பச்சையாவது இயல்பு. எனவே கவாத்துதான் மருந்து. உறைபனிக் கடுமை தணிந்ததும், மொட்டு விரியும் முன், போன வருடக் குச்சிகளை இரண்டு மூன்று கணு மட்டும் விட்டு வெட்டுங்கள். மொட்டையாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். ஜூனில் நுனிகளை லேசாக வெட்டினால் இன்னொரு முறை நிறம் வரும். ஆகஸ்டுக்குப் பிறகு வெட்டவே கூடாது. இளந்துளிர் பனியில் கருகும்.

கேள்வி: ஜூலையில் இலை ஓரமெல்லாம் காய்ந்து சுருள்கிறது. பூச்சியா? (வாசகர், லண்டன்)

பதில்: பெரும்பாலும் தாகம். நம் ஊர் ஆற்றங்கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலை இதே பேரினம்தான். ஈரம் இல்லாமல் வில்லோ இல்லை. நட்ட முதல் இரண்டு கோடையிலும் வாரம் இருமுறை, சுமார் 20 லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள். மண்மேல் 5 செ.மீ. கனத்தில் மரப்பட்டைத் துண்டு, காய்ந்த இலை போன்றவற்றால் மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல். தொட்டிச் செடிக்கு வெயில் நாளில் தினமும் தண்ணீர் வேண்டும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் என்றால் கருகல் குறையும்.

இலையைத் திருப்பியும் பாருங்கள். அடியில் ஆரஞ்சுப் பொடி புள்ளி புள்ளியாக இருந்தால் அது துரு நோய். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்றுங்கள், நெருக்கமான கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள், இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

கேள்வி: வெட்டிய குச்சிகளை நடலாமா?

பதில்: தாராளமாக. முருங்கைப் போத்து நடுவதுபோலத்தான். பென்சில் கனத்தில் 20–25 செ.மீ. துண்டு, தலைகீழாகாமல், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். வேரூக்கிப் பொடி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். குடையாக வராது, புதராகத்தான் வரும். ஆனால் ஒட்டே இல்லாததால் அடிமரத் துளிர்த் தொல்லையும் இல்லை. புதிதாக வைப்பவர்களுக்கு இதுவே மேல்.

கேள்வி: வில்லோ வேர் கழிவுநீர்க் குழாயை உடைக்குமாமே?

பதில்: அந்தப் பேச்சு தொங்கு வில்லோ போன்ற பெருமரங்களுக்கு முழுக்கப் பொருந்தும், சிறிய தோட்டத்தில் அதை வைக்கவே வேண்டாம். நல்ல குழாயை வேர் உடைப்பது அரிது, ஏற்கெனவே கசியும் விரிசலில்தான் நுழையும். ஹக்குரோ நிஷிக்கி இரண்டு மீட்டர் அளவில் நிற்கும் செடி. ஆனாலும் குழாய் போகும் தடத்தின் மேல் நடாதீர்கள்.