சோல்வை பல்லெ எப்படிப்பட்ட எழுத்தாளர்? ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் அவருடைய நாவலைப் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் நான் முதல் முறை நாற்பது பக்கத்தில் மூடி வைத்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் எனக்குத் தெரியவந்தது 2025 சர்வதேச புக்கர் இறுதிப் பட்டியலில். கன்னடத்தின் பானு முஷ்தாக் பரிசு வாங்கிய அதே ஆண்டு. நம்ம பக்கத்து மொழிக்காரர் கூட யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனவன், இந்த டேனிஷ் பெண்மணியிடம் மாட்டிக்கொண்டேன். டேனிஷ் தெரியாது, ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன். 'கன அளவைக் கணக்கிடுவது பற்றி' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஏழு பாகங்களாகத் திட்டமிட்ட நாவல் இது.

கதை ரொம்பச் சின்னது. தாரா செல்ட்டர், பழைய புத்தக வியாபாரி. கணவன் தாமஸோடு வட பிரான்ஸின் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டுப் படப் புத்தகங்களை வாங்கி விற்கிறாள். வேலையாகப் பாரிஸ் போயிருக்கிறாள். காலையில் ஓட்டல் சாப்பாட்டுக்கூடத்தில் ஒருவர் கையிலிருந்து ஒரு ரொட்டித் துண்டு நழுவிக் கீழே விழுகிறது. முந்தின நாளும் அதே ஆள், அதே துண்டு, அதே மாதிரி விழுந்ததே! நவம்பர் 18 மறுபடி வந்திருக்கிறது. அப்புறம் வேறு தேதியே வருவதில்லை. அவளுக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது. தாமஸுக்கு ஒவ்வொரு காலையும் புதுசு.

இந்த இடத்தில் நாம் எதிர்பார்ப்பது, அவள் எப்படித் தப்பிக்கிறாள் என்பதை. நானும் அதைத்தான் தேடினேன், கிடைக்கவில்லை, மூடினேன். ஹாலிவுட்டில் 1993-ல் 'கிரவுண்ட்ஹாக் டே' என்று இப்படி ஒரு படம் வந்ததே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் படத்துக்குப் பல ஆண்டுகள் முன்னாலேயே, 1980களிலேயே, இந்த யோசனை தனக்கு வந்துவிட்டதாகப் பல்லெ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. படம் ஒருவன் திருந்துவதைப் பற்றியது. இந்த நாவலில் யாரும் திருந்த வேண்டியதில்லை. இது கணக்கு.

என்ன கணக்கு? இரண்டாம் முறை கையில் பென்சிலோடு உட்கார்ந்தேன், எது மாறுகிறது, எது மாறவில்லை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே. முதல் நாளில் ஒரு நாணயக் கடையின் பழைய ஹீட்டர் அவள் கையைச் சுட்டுவிடுகிறது. நாள் திரும்புகிறது, ஆனால் அந்தக் காயம் திரும்பிப் போவதில்லை. பொருக்குத் தட்டுகிறது, ஆறுகிறது, தழும்பாகிறது. உலகம் நின்றிருக்க, அவள் உடம்பு மட்டும் வயதாகிக்கொண்டு போகிறது. வாங்கிய பொருள் சில சமயம் ராத்திரியோடு கடைக்கே திரும்பிவிடுகிறது. பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினால் தங்குகிறது. எதற்குத் தங்குகிறது, எதற்குப் போகிறது என்பதற்கு நிச்சயமான விதி கிடையாது. அவளும் கண்டுபிடிக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

என்னை உலுக்கிய இடம் மளிகைக் கடை அலமாரி. அவள் எடுத்துச் சாப்பிட்டது மறுநாள் அலமாரிக்குத் திரும்பி வருவதில்லை! அதே நவம்பர் 18தான், அதே கடைதான், ஆனால் அவள் எடுத்த இடத்தில் காலி. நாள் போகப் போக அந்தக் காலியிடம் பெரிசாகிறது. தான் உலகத்தைத் தின்று தீர்க்கும் பூதம் என்று அவளுக்குப் பயம் வந்துவிடுகிறது. ஒருத்தி உயிரோடிருக்க இந்த உலகத்தில் எவ்வளவு குறைகிறது? தலைப்பில் உள்ள கன அளவு அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேனிஷ் சொல் 'ரும்ஃபாங்'. அதில் உள்ள 'ரும்' இடம், அறை என்று பொருள்படும். நாம் கொள்ளளவு என்கிறோமே, அதற்குள் 'கொள்' இருக்கிற மாதிரி.

நடுவில் அவள் ஒன்று செய்கிறாள். தாமஸிடம் தினமும் காலையில் முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கி, அவன் நம்பி, இருவரும் சேர்ந்து யோசித்து, மறுநாள் அவன் எல்லாவற்றையும் மறந்து... சலித்துப்போய் அவனுக்குத் தெரியாமல் அதே வீட்டின் உபரி அறையில் குடியேறிவிடுகிறாள். அவன் மாடிப்படி ஏறும் சத்தம், மழையில் நனைந்து வீடு திரும்பும் சத்தம், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். புத்தகம் தொடங்குவதே அங்கே, 121-ஆவது நாளில். கல்யாணத்தைப் பற்றி இவ்வளவு அமைதியாக, இவ்வளவு துக்கமாக நான் சமீபத்தில் எதையும் படிக்கவில்லை.

நடையைப் பற்றிக் கேட்டால், வறட்சி என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது துப்புரவு. சின்னச் சின்ன வாக்கியம், சத்தங்களின் பட்டியல், பார்த்ததைப் பார்த்தபடி குறித்தல். உவமைகளை அள்ளித் தெளிப்பதில்லை. 'இருத்தல்', 'காலம்' என்று பெரிய சொற்களைப் போட்டு மிரட்டுவதில்லை. தத்துவம் படித்தவர்தான், ஆனால் அது அலமாரியின் காலியிடத்திலும் கையின் தழும்பிலும் போய் ஒளிந்துகொள்கிறது.

இது திடீரென்று வந்ததில்லை. பல்லெ 1962-ல் டென்மார்க்கின் தெற்கு ஜட்லாந்துப் பகுதியில் பிறந்தவர். முதல் புத்தகம் 1986-ல். பெயர் வாங்கித் தந்தது 1993-ல் வந்த 'சட்டத்தின்படி'. நான்கு மனிதர்களைப் பற்றிய நான்கு விவரணைகள், சட்டப் பிரிவுகள் மாதிரி எண் போட்டு. அதில் ஒரு கணித அறிஞர் யாருமில்லாதவராக, ஏறக்குறைய பூஜ்யமாக ஆகிவிடப் பார்க்கிறார். ஒரு கலைஞர் உயிரற்ற பொருளாக ஆக ஆசைப்படுகிறார். ஒரு மனிதர் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள். அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்த பார்பரா ஹேவ்லண்ட்தான் கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து இந்த நாவலின் முதல் பாகத்தையும் மொழிபெயர்த்தார்.

'சட்டத்தின்படி' பல மொழிகளுக்குப் போனது. அடுத்து பெரிய நாவல் ஒன்றோடு வருவார் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் சிறு புத்தகங்கள். அவருடைய குறும்புத்தகங்களின் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: 1990-ல் வெறும் '&' குறி, 1998-ல் 'அல்லது', 2013-ல் 'என்றால்', கூடவே 'அப்படியானால்'. தர்க்கப் பாடத்தின் இணைப்புச் சொற்கள்! தமிழில் இவற்றில் இரண்டு தனியாக நிற்கக்கூட முடியாது. 'உம்', 'ஆல்' என்று இன்னொரு சொல்லின் வாலில் தொங்க வேண்டியவை. அந்த ஒட்டுகளைத் தலைப்பாக்கத் துணிந்தவர், ஒரே ஒரு 'என்றால்' வைத்துக்கொண்டு ஏழு பாகம் போவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இதற்கிடையே கோபன்ஹேகனை விட்டு அரோ என்ற சின்னத் தீவுக்குக் குடிபோய்விட்டார். நாவலின் முதல் பாகம் 2020-ல் வந்தது, அவருடைய சொந்தப் பதிப்பகமான பெலாகிராஃபில். முதல் மூன்று பாகங்களுக்குச் சேர்த்து 2022-ல் வட ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து தரும் நார்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

எங்கே தொடங்குவது என்றால், முதல் பாகத்தில்தான், வேறு வழியில்லை. ஒரே மூச்சில் படிக்காதீர்கள், எரிச்சல் வரும். ராத்திரி பத்துப் பக்கம் போதும். அது பிடித்திருந்தால் இரண்டாம் பாகம் இன்னும் பிடிக்கும். ஒரே தேதியில் மாட்டிக்கொண்டவள், பருவங்கள் வேண்டும் என்று ரயில் ஏறிவிடுகிறாள். குளிர்காலத்துக்கு வடக்கே, வெயிலுக்குத் தெற்கே, எல்லாம் நவம்பர் 18-லேயே. பெற்றோர் வீட்டில் அந்தத் தேதியிலேயே கிறிஸ்துமஸும் நடக்கிறது. நான் இப்போது மூன்றாவதில் பாதியில் இருக்கிறேன். அதில் அவளைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னொருவர் வருகிறார், அதற்கு மேல் சொன்னால் அடிப்பீர்கள்.