காலனிக் கால ஆஸ்திரேலியாவில் அரசியலிலும் வியாபாரத்திலும் இருந்தவர்களில் யாருடைய வாழ்க்கை சுவாரசியமானது?

என்னைக் கேட்டால் ராபர்ட் கேம்ப்பெல். காரணம், அரிசி.

கான்பராவில் இருந்தபோது டன்ட்ரூன் ராணுவக் கல்லூரி வழியாக அடிக்கடி போவேன். அங்கே அதிகாரிகள் மெஸ்ஸாக இருக்கும் பழைய கல் வீடு இந்த வியாபாரி கட்டியது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

1769இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அண்ணனின் கல்கத்தா கம்பெனியில் சேர்ந்து, 1798இல் சரக்கோடு சிட்னிக்கு வந்து இறங்கினார். அங்கே கப்பலில் வருவதை எல்லாம் ராணுவ அதிகாரிகளே மொத்தமாக வளைத்து, வைத்ததுதான் விலை என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். கேம்ப்பெல் சொந்தமாகத் துறையும் கிடங்கும் கட்டி, நியாய விலைக்குக் கொடுத்தார், கடனுக்கும் கொடுத்தார். சிறு விவசாயிகள் கையெழுத்துப் போட்டு நன்றி சொல்லும் அளவுக்குப் பேர் வாங்கினார். (மகான் என்று நினைத்துவிடாதீர்கள். சாராயமும் இறக்கியவர்தான்.)

1805இல் 13,000க்கும் மேற்பட்ட கடல்நாய்த் தோல்களோடு நேரே லண்டனுக்கே கப்பல் விட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தில் கை வைத்தால் சும்மா விடுவார்களா? சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். கடைசியில் விற்க விட்டாலும் நஷ்டம்தான்.

அடுத்த வருடம் ஹாக்ஸ்பரி ஆற்று வெள்ளத்தில் காலனியின் தானியம் போயிற்று. கல்கத்தாவிலிருந்து அரிசி கொண்டுவர இவருடைய 'சிட்னி' என்ற கப்பலை அரசு வாடகைக்கு எடுத்தது. போகும் வழியிலேயே நியூ கினி அருகே அது உடைந்து போனது. அரிசி வரவே இல்லை.

நஷ்டஈடு கிடைக்கத்தான் எத்தனை வருடம்! நடுவில் கவர்னர் பிளையை அதிகாரிகள் கவிழ்த்தபோது, அவர் பக்கம் நின்றதால் கேம்ப்பெல்லுக்கு இருந்த அரசுப் பதவி போனது. அந்தக் கவிழ்ப்பு வழக்கில் சாட்சி சொல்ல லண்டன் போய்த் திரும்புவதற்குள் வியாபாரமும் படுத்துவிட்டது. சட்டசபை நியமனம், 1825இல் தொடங்கி 1843 வரை, அதற்கெல்லாம் அப்புறம்.

ஒரு வழியாகக் கப்பலுக்கு ஈடாக 4,000 ஏக்கர் நிலமும் 700 ஆடுகளும் கிடைத்தன. அவருடைய ஆள் ஜேம்ஸ் ஐன்ஸ்லி 1825இல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய சமவெளிதான் இன்றைய கான்பரா. அது நன்னவல் மக்களின் பூமி. அவர்களை யாரும் கேட்கவில்லை.

கேம்ப்பெல் 1846இல் டன்ட்ரூனிலேயே இறந்தார். பக்கத்தில் ஒரு பேட்டைக்கு அவர் பெயர் இருக்கிறது. நகரத்தில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் மலைக்கு மட்டும், ஆடு ஓட்டிய ஐன்ஸ்லியின் பெயர்.